பேச முடியாத நாளில் யார் பேசுவது?

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிப் பக்கம் வரும் ஆம்புலன்ஸ்களில் ஒரு வகை உண்டு. உள்ளே படுத்திருப்பவருக்கு நினைவு இருக்காது. தொண்டைக்குள் குழாய் இருக்கும். தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் மூச்சுக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வருவார். வீடு வந்து முகப்பில் கிடத்தியதும் குழாயை எடுப்பார்கள். சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முடிந்துவிடும். "வீட்டுக்கு வந்துதான் உசிரு போச்சு" என்று சொல்லிக்கொள்வதில் குடும்பத்துக்கு ஓர் ஆறுதல். ஆஸ்பத்திரிக் காகிதத்தில், மருத்துவ ஆலோசனைக்கு மாறாகச் சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று மகனோ மருமகனோ கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்தக் கையெழுத்தைப் போட்டவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் எடுத்த முடிவு பெரும்பாலும் சரியான முடிவுதான். எடுத்த விதத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. சொந்தப் பொறுப்பு என்று எழுதிய நிமிடத்தோடு மருத்துவமனையின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. குழாயை எடுக்கும்போது வரும் மூச்சுத்திணறலுக்கு மருந்து இல்லை, ஊசி போட ஆள் இல்லை, என்ன நடக்கும் என்று விளக்கிச் சொன்னவரும் இல்லை. "நாமளே கொண்டாந்து முடிச்சுட்டமோ" என்ற எண்ணம் மட்டும் அந்த மகனோடு காலமெல்லாம் வரும். இதே முடிவுக்கு மருத்துவர்களும் சேர்ந்து, சட்டப்படி, வலி தெரியாமல் வந்து சேர வழி இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்த எழுத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற பட்டியலைவிட, நமக்காக யார் பேசுவது என்பதை எழுதுவதே முக்கியம். செட்டிநாட்டில் இது இரு மடங்கு உண்மை. ஊரில் இருப்பது எழுபதைத் தாண்டிய இருவர். மூத்த மகன் சென்னையில், இளையவர் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மட்டும் இப்படி என்றில்லை. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய எல்லாச் சமூகத்திலும் இதே நிலைதான். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு, அது அண்ணன் மகனாக இருக்கலாம், வீட்டைப் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம், முடிவு சொல்லும் உரிமை கிடையாது. உரிமை உள்ளவர்கள் பக்கத்தில் இல்லை. அதிகாலை இரண்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மருத்துவர் கேட்கும் கேள்விக்கு வாட்சப் குழுவில் மூன்று பதில் வரும். மூன்று பதில் வந்தால் மருத்துவர் எல்லாச் சிகிச்சையையும் தொடங்குவார். அவருக்கு அதுவே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காமன் காஸ் அமைப்பு தொடுத்த வழக்கில், கண்ணியத்தோடு இறப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. குணமாகாத நிலையில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் ஏற்றது. ஆனால் அப்போது வகுத்த நடைமுறை கடினம். எழுதும் ஆவணத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு. அது இந்தியாவில் குற்றம். இயற்கையான சாவை இயந்திரங்களால் தள்ளிப்போடாமல் இருப்பது பற்றியே இங்கே பேச்சு.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. நினைவோடு இருக்கும் வரை எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கே முழு உரிமை உண்டு. அதற்கு ஆவணமும் வேண்டாம், மருத்துவக் குழுவும் வேண்டாம். முன்கூட்டி எழுதியது உயிர்பெறுவது, அவரால் முடிவு சொல்ல முடியாமல் போன பிறகுதான். நினைவுள்ள அப்பச்சியை (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) அறையில் விட்டுவிட்டு, நடைபாதையில் பிள்ளைகளிடம் மட்டும் மருத்துவர் பேசுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. அதை மாற்றும் பொறுப்பு பிள்ளைகளுக்கும் உண்டு. "அப்பச்சிக்கிட்டயே சொல்லுங்க டாக்டர், நாங்களும் கூட இருக்கோம்" என்று ஒருவர் சொன்னால் போதும்.

யாரை நியமிப்பது? 2023-க்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதலாம். எழுதுங்கள், ஆனால் வரிசைப்படுத்தி எழுதுங்கள். "என் மூன்று பிள்ளைகளும் கலந்து முடிவு செய்யவும்" என்பது அழகான வாக்கியம். அதிகாலை இரண்டு மணிக்குப் பயன்படாத வாக்கியம். முதலில் இவர், இவரை ஆறு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முடியாவிட்டால் இவர் என்று இருக்க வேண்டும். மூத்த மகன் என்பதற்காக மட்டும் முதல் பெயராகப் போடாதீர்கள். மூன்று தகுதிகளைப் பாருங்கள்: அரை நாளில் மதுரைக்கோ திருச்சிக்கோ வந்து சேரக்கூடியவரா; அழுதுகொண்டே ஆனாலும் மருத்துவரிடம் தெளிவாகப் பேசக்கூடியவரா; தன் விருப்பத்தை ஒதுக்கிவைத்து உங்கள் விருப்பத்தைச் சொல்லக்கூடியவரா. மூன்றாவதுதான் அரிது. பாசம் அதிகமுள்ள பிள்ளை சில வேளை இதற்குப் பொருத்தமில்லாத பிள்ளை. அந்த இடத்தில் மருமகளோ தங்கை மகனோ பொருத்தமாக அமைவதுண்டு. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு "இவர் சொல்வதே என் சொல்" என்று தனியாக ஒரு வரி எழுதி வைப்பது, பின்னால் வரும் பெரிய மனஸ்தாபங்களைத் தடுக்கும்.

பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறோமே என்று சிலர் கேட்பார்கள். சொத்து, வங்கி வேலைகளுக்கான பொது அதிகாரப் பத்திரம் மருத்துவ முடிவுகளுக்கு உதவாது. எழுதிக் கொடுத்தவர் புத்தி தெளிவை இழந்துவிட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி அந்த அதிகாரமே முடிந்துவிடும். உயிலும் உதவாது, அது இறந்த பிறகுதான் பேசத் தொடங்கும்.

பேச்சை எப்போது தொடங்குவது என்பதற்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. அறுபதுக்குச் சாந்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று பிள்ளைகள் எல்லாரும் ஒரே வளவில் கூடும் நாட்கள் உண்டு. விழாவன்று வேண்டாம், "நல்ல நாள்ல என்ன பேச்சு" என்று எழுந்து போய்விடுவார்கள். விருந்தாளிகள் கிளம்பி, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பியபின், விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மதியம் கிடைக்கும். அதுதான் நேரம். சாவு என்ற சொல்லில் தொடங்க வேண்டியதில்லை. "அப்பச்சி, நீங்க பேச முடியாம ஆஸ்பத்திரியில இருந்தா, யாரு சொல்றதை நாங்க கேக்கணும்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பதில் சொல்வார்கள். "பெரியப்பச்சிக்குச் செஞ்ச மாதிரி உங்களுக்கும் செய்யணுமா?" என்ற கேள்வி இன்னும் நேரானது, குடும்பத்தில் எல்லாரும் பார்த்த ஒரு சாவு, மருத்துவச் சொற்கள் இல்லாமலேயே எல்லாவற்றையும் விளக்கிவிடும். திருமணத்துக்கு இசைவுபிடிமானம் என்ற பத்திரம் எழுதுகிற ஊர் இது, கடைக் கணக்குக்கு ஐந்தொகை எழுதிய ஊர் இது. எழுதுவது நமக்குப் புதிதில்லை.

இனி எழுத வேண்டிய சிகிச்சைகள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெயர் மட்டும் தெரிந்து, உடலில் என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதிய ஆவணம் யாருக்கும் உதவாது.

நெஞ்சை அழுத்தி இதயத்தை மீட்பது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்செலும்பை அழுத்துவார்கள். திடீர் மாரடைப்பு வந்த ஐம்பது வயதுக்காரருக்கு இது உயிர் கொடுக்கும் சிகிச்சை. புற்றுநோய் முற்றி எலும்பும் தோலுமாக இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு விலா எலும்புகள் உடையும். மீள்பவர்கள் மிகச் சிலர், மீண்டாலும் இடம் வென்டிலேட்டர்தான். இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்ற முடிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அந்த ஒரு முடிவு எடுத்ததால் மற்றச் சிகிச்சைகள் நின்றுவிடாது. ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், வலி மருந்து எல்லாம் தொடரும். குடும்பங்கள் பயந்து கையெழுத்துப் போட மறுப்பது பெரும்பாலும் இது புரியாததால்.

வென்டிலேட்டர். குழாய் குரல்வளையைத் தாண்டிப் போவதால் பேச முடியாது. பிடுங்கிவிடாமல் இருக்க மயக்க மருந்து தருவார்கள், சில இடங்களில் கையைக் கட்டுவார்கள். ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் போனால் கழுத்தில் துளையிடுவது பற்றிப் பேச்சு வரும். இதை முற்றிலும் வேண்டாம் என்று எழுதுவதைவிட, கால வரம்போடு எழுதுவது பலருக்கும் பொருந்தும். நிமோனியா போலத் திரும்பக்கூடிய காரணம் என்றால் மூன்று முதல் ஐந்து நாள் முயன்று பாருங்கள், முன்னேற்றம் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்று எழுதலாம். மருத்துவர்களும் இப்படிப்பட்ட வாக்கியத்தை விரும்புவார்கள். என்ன செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் இரண்டும் அதில் இருக்கின்றன.

நம் ஊருக்கென்றே ஒரு வரி சேர்க்க வேண்டும். "தம்பி வந்து முகம் பார்க்கிற வரைக்கும் மிஷின்ல வச்சிருங்க." இதைக் கேட்காத தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கே இருக்காது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக விமானம் உண்டு. அமெரிக்காவிலிருந்து வர ஒரு நாளுக்கு மேல் ஆகும், டிக்கெட் கிடைக்காவிட்டால் மூன்று நாள். அந்த நாட்களை அனுபவிப்பவர் படுத்திருப்பவர். ஆகவே அவரே சொல்ல வேண்டும்: பிள்ளைகள் வருவதற்காக மட்டும் இயந்திரத்தில் வைத்திருக்கலாமா, வைத்தால் எத்தனை மணி நேரம்? 48 மணி நேரம் என்று ஒருவர் எழுதலாம், வேண்டவே வேண்டாம் என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டுமே சரி. எழுதாமல் விடுவது மட்டும் சரியில்லை. அந்தப் பாரத்தைச் சுமக்கப்போவது, பக்கத்தில் இருக்கும் பிள்ளை.

டயாலிசிஸ். வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிறுநீரகம் முழுதும் செயலிழந்தவருக்கு இதை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் உயிர் பிரியும்; தூக்கமும் மயக்கமுமாகத்தான் போகும், மூச்சுத்திணறலுக்கு மட்டும் மருந்து கையில் இருக்க வேண்டும். எந்த நிலை வந்தால் நிறுத்தலாம் என்பதை டயாலிசிஸ் தொடங்கும் நாளிலேயே மருத்துவரோடு பேசிவிடுவது நல்லது.

மூக்குக் குழாய் வழி உணவு. நம் குடும்பங்களை உலுக்கும் கேள்வி இதுதான். "பட்டினி போட்டா அனுப்புறது?" என்று அப்பத்தாவோ ஆயாவோ கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடிவதில்லை. பக்கவாதம் வந்து தேறிவரும் ஒருவருக்கு மூக்குக் குழாய் மிகத் தேவை. மறதி நோய் முற்றி, விழுங்கத் தெரியாமல் போன நிலையில் அது ஆயுளைக் கூட்டுவதில்லை. நுரையீரலுக்குள் உணவு போவதையும் தடுப்பதில்லை. உடல் அடங்கத் தொடங்கும்போது பசியும் தாகமும் தாமே குறையும். உணவு நின்றதால் உயிர் போகிறது என்று நாம் நினைக்கிறோம். உயிர் அடங்குவதால் உணவு நிற்கிறது. தலையை உயர்த்தி, விழித்திருக்கும்போது, கேட்கிற அளவுக்குக் கஞ்சியோ இளநீரோ கரண்டியால் கொடுப்பதே அந்த நிலைக்கேற்ற உணவு. இதையும் ஆவணத்தில் சொல்லலாம்.

"என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்", "இயற்கையாகப் போக விடுங்கள்" போன்ற வரிகளை எழுதாதீர்கள். ஆவணம் தெளிவாக இல்லையென்றால் மருத்துவக் குழு அதைப் பின்பற்றாது என்பது தீர்ப்பிலேயே உள்ளது. ஒரு மாதிரி:

"எனக்கு வந்துள்ள நோய் குணமாகாது, நீண்ட சிகிச்சைக்குப் பிறகும் தேறும் நம்பிக்கை இல்லை என்று மருத்துவக் குழு கருதி, நானே முடிவு சொல்ல முடியாத நிலையிலும் இருந்தால், கீழ்க்கண்டவை பொருந்தும். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டாம். வென்டிலேட்டர் வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் எடுத்துவிடவும். டயாலிசிஸ் தொடங்க வேண்டாம். மூக்குக் குழாய் வழி உணவு வேண்டாம். வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கு மார்பின் உள்ளிட்ட மருந்துகளைத் தேவையான அளவு தரவும். இயலுமானால் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும். இதன் விளைவுகளைப் புரிந்துகொண்டு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன். இதை எப்போது வேண்டுமானாலும் நான் திரும்பப் பெறலாம் என்பதை அறிவேன்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். விளைவு தெரியும் என்பதும், திரும்பப் பெறலாம் என்பதும் ஆவணத்தில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு கேட்கிறது. அதன் கீழே நியமித்தவர்களின் பெயர், உறவு, முகவரி, கைபேசி எண். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் நாட்டுக் குறியீட்டோடு எண். தமிழிலேயே எழுதலாம். மதுரையிலோ சென்னையிலோ பெரிய மருத்துவமனையில் தமிழ் படிக்காத மருத்துவர் இருக்கக்கூடும் என்பதால் ஆங்கிலப் படி ஒன்றையும் அதே நாளில் கையெழுத்திட்டு வைப்பது நடைமுறைக்கு உதவும்.

சாட்சிகள் இருவரும் முடிந்தவரை தொடர்பில்லாதவர்களாக இருக்கட்டும். பங்காளியோ சொத்தில் பங்குள்ளவரோ வேண்டாம். பக்கத்து வீட்டு ஆசிரியர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் போன்றவர்கள் போதும். எழுதுபவர் தன் விருப்பத்தோடு, புரிந்துதான் கையெழுத்திடுகிறார் என்று நோட்டரி பதிவு செய்ய வேண்டும். ஆகவே அவர் நேரில் கேட்கும்போது அப்பச்சியோ ஆத்தாவோ தாமே பதில் சொல்ல வேண்டும், பிள்ளைகள் முந்திக்கொள்ளக் கூடாது. மறதி நோயின் தொடக்கம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். புத்தி தெளிவாக இருக்கிறது என்று மருத்துவரிடம் அதே வாரத்தில் ஒரு சான்று வாங்கிச் சேர்த்துவிட்டால், பின்னால் எவரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

பிரதிகள். ஒன்று நியமித்த ஒவ்வொருவரிடமும். ஒன்று குடும்ப மருத்துவரிடம். இன்னொன்றை உள்ளாட்சி அமைப்பின் உரிய அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அதைப் பாதுகாக்கும் ஒருவரை அவர் நியமிக்க வேண்டும் என்பது நெறி. காரைக்குடியில் இருப்பவருக்கு மாநகராட்சி, தேவகோட்டையில் நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் பேரூராட்சி, சிற்றூர்களில் ஊராட்சி. மேசையில் இருப்பவருக்கு இது புதிதாக இருக்கக்கூடும். தகராறு செய்ய வேண்டாம். தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு முகப்புக் கடிதத்தோடு ஒப்புகை கேட்டு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையை மூலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மூலப் பத்திரத்தை மட்டும் இரும்புப் பெட்டியிலோ வங்கி லாக்கரிலோ வைத்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் சாவி எங்கே என்று தேட முடியாது. மருத்துவக் கோப்பின் மேலேயே இருக்கட்டும். படமெடுத்து எல்லாப் பிள்ளைகளின் கைபேசியிலும் இருக்கட்டும்.

மருத்துவமனையில் அது எப்படி நடைமுறைக்கு வரும்? சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு சிறப்பு மருத்துவர்களும் முதல் குழு. அவர்கள் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அடுத்து, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும், முதல் குழுவில் இல்லாத இரு சிறப்பு மருத்துவர்களும் கொண்ட இரண்டாம் குழு. அதற்கும் அதே 48 மணி நேரம். இரண்டும் ஒத்துப்போய், நியமிக்கப்பட்டவரும் சம்மதித்தால், நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவித்துவிட்டு நடைமுறைப்படுத்தலாம். அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு அது மதுரைக் கிளை. ஆவணம் இல்லாதவருக்கும் இதே இரு குழு வழி உண்டு, நெருங்கிய உறவினரின் சம்மதத்தோடு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சிறிய மருத்துவமனைகளில் இரண்டாவது குழுவுக்கு ஆளே இருக்காது. "எங்க ஆஸ்பத்திரியில அதெல்லாம் இல்லை, வேணும்னா கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். ஆகவே சேர்க்கும்போதே, இந்தக் குழுக்களை அமைக்கும் ஏற்பாடு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பது; பேலியேட்டிவ் கேர் என்றால் மருத்துவமனைகளில் புரியும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் செவிலியரும், இயன்முறை மருத்துவமும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காமல், நோய் குணமாகாது என்று தெரிந்த மாதத்திலேயே போவது நல்லது. புண் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் கற்றுக்கொடுத்தால் வரும் வேலைகள்தான்.

மார்பின் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வாங்கி வைத்துக்கொடுப்பது எளிதாயிற்று. தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்காது; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புற்றுநோய் மையத்திலோ கேட்க வேண்டும். முதியவர்களுக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தந்து, வலிக்கேற்ப மருத்துவர் கூட்டுவார். வலி வரட்டும் என்று காத்திருந்து கொடுப்பது தவறு. மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் மார்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். குமட்டல் சில நாட்களில் அடங்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து உடலில் தேங்கும், அவர்களுக்கு அளவும் இடைவெளியும் வேறு. சரியாக அளந்து கொடுத்த மார்பின் சாவை விரைவுபடுத்துவதில்லை. மூச்சுத்திணறலுக்கும் அதுவே நல்ல மருந்து. முகத்துக்கு நேராக ஒரு மேசை விசிறியும் பலருக்கு உதவும்.

வீட்டையும் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீடு உயர்ந்த படிகளும் நீண்ட கட்டுகளுமாக இருக்கும். கழிவறை பெரும்பாலும் பின்கட்டில். கட்டிலை முகப்பில் போட்டால் பார்க்க வருபவர்களுக்கு வசதி, நோயாளிக்கு இல்லை. காற்றும் வெளிச்சமும் இருந்து, கழிவறைக்குப் பத்தடி தூரத்தில் உள்ள அறை நல்லது. ஆக்சிஜன் செறிவூட்டி வைப்பதென்றால் அது தொடர்ந்து மின்சாரம் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று முதல் நாளே இயக்கிப் பாருங்கள், மாற்றாக ஒரு சிலிண்டரும் வேண்டும்.

கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். தூக்கம் கூடும், சாப்பாடு நிற்கும், கை கால் சில்லிடும். மூச்சு விட்டுவிட்டு வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். அது அவரை வருத்துவதைவிடக் கேட்பவரைத்தான் வருத்தும். ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், சளி சுரப்பைக் குறைக்கும் ஊசியும் உதவும். வாயில் பால் ஊற்றும் வழக்கத்தை விட வேண்டாம், ஆனால் விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய் திணறுவார். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டால் போதும். உறவினர் ஒவ்வொருவராக வந்து பால் கொடுக்கும் ஊரில் இதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் பயந்துபோய் யாரோ ஒருவர் 108-ஐ அழைப்பார். வந்தவர்களின் கடமை காப்பாற்றுவது. நெஞ்சை அழுத்துவார்கள், அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். எழுதி வைத்தது எல்லாம் அந்த ஒரு அழைப்பில் வீணாகும். சுவரில் பெரிய எழுத்தில் இரண்டு எண்களை ஒட்டி வையுங்கள்: நோய் ஆதரவுச் செவிலியர், குடும்ப மருத்துவர். மூச்சு மாறினால் முதலில் இவர்களைக் கூப்பிடுங்கள் என்று சமையலம்மாவுக்கும் காவல்காரருக்கும்கூடச் சொல்லி வைக்க வேண்டும்.

நோயால், எதிர்பார்த்து, வீட்டில் நேரும் மரணத்துக்குப் போலீசும் பிரேதப் பரிசோதனையும் தேவையில்லை. கடைசியாகப் பார்த்துவந்த மருத்துவர் படிவம் 4ஏ-யில் மரணக் காரணத்தை எழுதித் தருவார். பல மாதமாக எந்த மருத்துவரும் பார்க்கவில்லை என்றால் இதற்கே அலைய வேண்டிவரும், ஆகவே மாதம் ஒருமுறையாவது மருத்துவர் வந்து பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரங்களில் உள்ளாட்சி அலுவலகத்தில். கண் தானம் செய்ய விரும்பியவர் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் போக வேண்டும்; அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். சாதாரண பேஸ்மேக்கர் சாவை நீட்டிக்காது, அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மின் அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவி (ஐசிடி) என்றால், கடைசி நேரத்தில் அது திரும்பத் திரும்ப நெஞ்சில் அதிர்ச்சி கொடுக்கக்கூடும். நோய் ஆதரவுக்கு மாறும்போதே இதய மருத்துவரிடம் சொல்லி அந்தச் செயலை மட்டும் அணைத்துவிட வேண்டும். எரியூட்டுவதாக இருந்தால் எந்த வகைக் கருவியையும், மயானத்துக்குப் புறப்படும் முன் மருத்துவரை அழைத்து எடுத்துவிட வேண்டும். நெருப்பில் அதன் பேட்டரி வெடிக்கும். கருவி இருக்கிறது என்பதையும், எந்த ஆண்டு வைத்தது என்பதையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.